மாட்டுப் பண்ணைக் கூலியாளின் மண் வர்ணம்

(ஆஸ்திரேலியப் பூர்வகுடி ஓவியர் ரோவர் தாமஸின் கலை வாழ்வு பற்றிய நூலை வெளியிட்டு ஆற்றிய உரை)



ஓவியனைப் பற்றிய புத்தகம் உழைப்பாளிக்கு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். ரோவர் தாமஸ் ஏறக்குறைய ஐம்பது வயது வரை தூரிகை பிடித்தவரல்ல, குதிரையின் கடிவாளம் பிடித்தவர். ஆகவேதான் இந்தப் புத்தகத்தை உங்கள் கையில் தருகிறோம்.

மேற்கு ஆஸ்திரேலியப் பாலைவனத்தில், 1926 வாக்கில், 33-வது கிணற்றருகே அவர் பிறந்தார். கிணற்றுக்கு ஏன் நம்பர்? கிம்பர்லி பண்ணை முதலாளிகளின் மாடுகளைத் தெற்கே சந்தைக்கு ஓட்ட, 1,800 கிலோ மீட்டருக்கு மேல் பாதை போட்டு, வழிநெடுகக் கிணறு தோண்டினார்கள். தண்ணீர் இருக்குமிடம் பூர்வகுடி மக்களுக்குத்தான் தெரியும். 1906-ல் பாதை அளக்க வந்தவர்கள் அவர்களைப் பிடித்து, கழுத்தில் சங்கிலி பூட்டி, ஊற்றைக் காட்டச் செய்தார்கள். 1908-ல் விசாரணைக் கமிஷன் உட்கார்ந்தது. அளவைக்காரர்மீது குற்றமில்லை என்று எழுந்தது. கமிஷன்களின் சுபாவம் எந்த நாட்டிலும் ஒன்றுதான் போலும்!

சிறு வயதிலேயே மாடு மேய்க்கப் போனார் ரோவர். அந்நாளில் பூர்வகுடித் தொழிலாளிக்குக் கூலி பெரும்பாலும் மாவு, தேயிலை, சர்க்கரை, கொஞ்சம் இறைச்சி. 1966-ல் வடக்குப் பிரதேசப் பண்ணைகளில் சம ஊதியம் தரவேண்டும் என்று தீர்ப்பு வந்தது. முதலாளிகளுக்கு 1968 டிசம்பர் வரை தவணையும் கிடைத்தது! அதையொட்டிக் கிம்பர்லியிலும் சம ஊதியம் வந்தது. உடனே என்ன நடந்தது? குடும்பம் குடும்பமாகத் தொழிலாளரை வெளியே தள்ளினார்கள். அது அவர்களுடைய சொந்த பூமி. தள்ளப்பட்டவர்கள் வார்முன் என்ற இடத்தில் குடிசை போட்டார்கள். ரோவரும் அங்கே வந்து சேர்ந்தார்.

1974 கிறிஸ்துமஸில் டார்வின் நகரைப் புயல் அழித்தது. அக்காலத்தில் விபத்தில் மாண்ட உறவுப் பெண் ஒருத்தி கனவில் வந்து, தன் ஆவி கடந்த மலையையும் ஓடையையும் ஒவ்வொன்றாகச் சொன்னதாக ரோவர் கூறினார். அது பாட்டாயிற்று, ஆட்டமாயிற்று. ஆடுவோர் தோளில் சுமக்கும் பலகைகளில் மாமன் பேடி ஜமிஞ்சி படம் எழுதினார். பிறகு ரோவரே எழுதலானார். ஆவி வந்ததா என்று நாம் வாதாட வேண்டாம். விரட்டப்பட்ட மக்கள் தங்கள் நிலத்தை மறக்காமல் வைத்துக்கொண்ட வழி அது.

வர்ணம் கடையில் வாங்கியதல்ல. காவி மண், மஞ்சள் மண், வெள்ளைக் களிமண், கரி.

பெட்ஃபோர்டு டவுன்ஸ் படுகொலையையும் அவர் எழுதினார். ஜிஜா மக்கள் வாய்வழியாகக் காத்துவரும் செய்தி இது: மாடு கொன்றார்கள் என்று ஆண்களைப் பிடித்துப்போய் விறகு வெட்டச் சொன்னார்கள்; விஷம் கலந்த உணவு போட்டார்கள்; அவர்கள் வெட்டிய விறகிலேயே அவர்களை எரித்தார்கள். ரோவரின் கொலைக்களப் படங்களில் பெரும்பாலும் பிணமும் இல்லை, இரத்தமும் இல்லை. மேலிருந்து பார்த்த நிலம். அதன் எல்லையோரம் வெள்ளைப் புள்ளிகள். விஷயம் தெரிந்தவனுக்கு அந்தப் புள்ளிகளைத் தாண்டிக் கண் நகராது.

1990-ல் அவர் படங்கள் வெனிஸ் கண்காட்சிக்குச் சென்றன. 1998-ல் காலமானார். 2001-ல் அவருடைய மழைப் படம் ஒன்றைத் தேசியக் கலைக்கூடம் 7,78,750 டாலருக்கு ஏலத்தில் எடுத்தது. மறுவிற்பனையில் ஓவியனுக்கோ வாரிசுக்கோ பங்கு தரும் சட்டம் அப்போது அங்கே கிடையாது. நூற்றுக்கு ஐந்து என்ற பங்கு 2010-ல்தான் நடைமுறைக்கு வந்தது.

இதோ முதல் பிரதி. படங்களை முதலில் பாருங்கள். எழுத்தைப் பிறகு படிக்கலாம்.