இளவயது மாரடைப்பு: வன்னி கேட்க வேண்டிய கேள்விகள்



வவுனியாவில் கூடியிருக்கும் இந்த ஆய்வரங்கு நாற்பத்தைந்து வயதுக்கு உட்பட்டோரைத் தாக்கும் முடியுருநாடி நோயைப் பற்றியது. அந்த வயதில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழும்போது ஒரு குடும்பத்தின் உழைப்பே நின்றுவிடுகிறது. போரில் தந்தையை இழந்த வீட்டில் உழைக்கும் மகனும் விழுந்தால் அந்தக் குடும்பம் யாரை நம்பும்? இதைப் பணக்கார வியாதி என்று சொல்லும் பழக்கத்தை இன்றோடு கைவிடுவோம்.

2004ஆம் ஆண்டில் வெளிவந்த இன்ரர்ஹார்ட் ஆய்வு 52 நாடுகளில் நடந்தது. இலங்கையும் அதில் பங்கேற்றது. புகைத்தல், தீய கொழுப்பு, உயர் குருதியமுக்கம், நீரிழிவு, வயிற்றுப் பருமன், மன அழுத்தம் முதலான ஒன்பது காரணிகள் முதல் மாரடைப்புகளில் பத்தில் ஒன்பது பங்கை விளக்குகின்றன என்று அது காட்டியது. தெற்காசியரை மட்டும் தனியாக எடுத்து நோக்கிய 2007ஆம் ஆண்டுக் கட்டுரை, நமக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53 என்றும், ஏனையோருக்கு ஏறத்தாழ 59 என்றும் கண்டது. இந்த ஆறு வருட வித்தியாசத்துக்குப் பெரும் காரணம், அதே காரணிகள் நம்மிடம் இளமையிலேயே குடிபுகுந்துவிடுவதுதான்.

அவற்றுள் இளவயதில் முதலிடம் பெறுவது புகை. 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலைப் பொருள் விற்பதை 2006ஆம் ஆண்டின் சட்டம் தடுக்கிறது. அந்தச் சட்டம் சந்திக் கடைவரை போய்ச் சேர வேண்டும். 'ஐஸ்' என்று இளைஞர் சொல்லும் போதைப்பொருள் முடியுருநாடியைத் திடீரென இறுகச் செய்யக்கூடியது. நெஞ்சு நோவோடு வரும் இளைஞனிடம் அதைப் பற்றி மிரட்டாமல், பழிக்காமல் கேட்கக் கற்றுக்கொள்வோம்.

அடுத்தது வயிறு. தெற்காசிய ஆணுக்கு இடுப்பின் சுற்றளவு 90 சென்ரிமீற்றரையும் பெண்ணுக்கு 80ஐயும் எட்டினால் எச்சரிக்கை கொள்ள வேண்டும். இரணைமடுக் குளத்தின் கீழ் வயல்களில் இன்று உழவும் அறுவடையும் இயந்திரத்தின் வேலை. தோட்டத்துக்குப் போவதும் மோட்டார் சைக்கிளில்தான். மண்வெட்டி பிடித்த பாட்டனுக்குப் போட்ட சோறு மட்டும் பேரனின் கோப்பையில் குறையவில்லை. அதன்மேல் சீனி போட்ட தேநீரும் ரோல்ஸும் கொத்துரொட்டியும் சேர்ந்திருக்கின்றன.

வன்னிக்கென்று தனியாக நாம் ஆராய வேண்டியது இதைவிட ஆழமானது. குறைந்த நிறையோடு பிறந்த குழந்தைகள் வளர்ந்தபின் இதயநோயால் இறப்பது அதிகம் என்பதை இங்கிலாந்தின் டேவிட் பார்க்கர் 1989இல் எடுத்துக்காட்டினார். 1944–45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் பஞ்சம் வந்தது. அப்போது கருவின் தொடக்க மாதங்களில் இருந்தவர்களுக்கு முடியுருநாடி நோய் கூடுதலாகவும், சில ஆண்டுகள் முந்தியும் வந்தது. கருவில் பசியைக் கண்ட உடல், பின்னர் வரும் மிகுதியான உணவைத் தாங்கத் தயாராக இருப்பதில்லை.

போரின் இறுதிக் காலமான 2008இலும் 2009இலும் நம் கர்ப்பிணித் தாய்மார் எங்கே இருந்தார்கள்? மன்னாரிலிருந்து முள்ளிவாய்க்கால்வரை இடம்பெயர்ந்துகொண்டிருந்தார்கள், பதுங்குகுழியில் இருந்தார்கள், பின்பு மெனிக் பாம் முகாமில் வரிசையில் நின்றார்கள். அந்தப் பிள்ளைகள் இன்று உயர்தர வகுப்பு வயதை எட்டியிருக்கிறார்கள். நாடெங்கும் 2011இலிருந்து தொடங்கப்பட்ட ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்கள் முதன்மையாக நடுவயதினரையே அழைக்கின்றன. வன்னி அந்த வயதுவரை காத்திருக்கக் கூடாது. இந்த உரையில் நான் வலியுறுத்த வந்தது இதுவே.

மனச்சுமையும் இதனோடு சேர்ந்தது. பேராசிரியர் தயா சோமசுந்தரம் வன்னி மக்களின் கூட்டு மனவடுவை 2010இலேயே எழுதிவைத்தார். காணாமல் ஆக்கப்பட்டவரைத் தேடும் தாயும், நுண்கடன் தவணைக்கு அஞ்சும் பெண்ணும், வேலை தேடி அலையும் இளைஞனும் நம் சிகிச்சை நிலையத்துக்கு வருகிறார்கள். பிறஷரை அளக்கும் நாம் அவர்களுடைய நித்திரையையும் கவலையையும் விசாரிக்க வேண்டும்.

ஆகவே இந்த அவையின் முன் நான்கு பணிகளை வைக்கிறேன். முதலாவது, வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு ஆகிய மூன்று மாவட்டங்களுக்கும் பொதுவான இளவயது மாரடைப்புப் பதிவேடு. இரண்டாவது, ஒருவருக்கு இளவயதில் நோய் வந்தால் அவருடைய சகோதரர்களையும் பிள்ளைகளையும் அழைத்துக் கொலஸ்ரோல் பார்ப்பது. பரம்பரையாக வரும் மிகைக் கொலஸ்ரோல் ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கு உண்டு. அதற்கு மருந்தும் உண்டு. மூன்றாவது, கர்ப்பகாலத்தில் நீரிழிவோ உயர் குருதியமுக்கமோ கண்ட தாய்மாரைப் பிரசவத்தோடு கைவிடாமல் தொடர்ந்து கவனிப்பது. குடும்பநல உத்தியோகத்தர்களே, அந்தத் தகவல் உங்கள் பதிவுகளில்தான் இருக்கிறது. நான்காவது, பாடசாலையை விட்டு வெளியேறும் ஒவ்வொரு பிள்ளையின் இடுப்பளவையும் குருதியமுக்கத்தையும் அளந்து பிறப்பு நிறையோடு ஒப்பிடுவது.

நெஞ்சு நோவை 'வாய்வு' என்று சோடா குடித்து ஆற்றும் பழக்கத்தையும் ஊர் ஊராகப் போய் மாற்ற வேண்டும். முல்லைத்தீவிலிருந்து யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்கு நூறு கிலோமீற்றருக்கு மேல்; அங்கே போய்ச் சேரும்வரை சிகிச்சை காத்திருக்கக் கூடாது. நோவு தொடங்கியதும் 1990 அம்புலன்ஸை அழைத்து, கிட்டிய வைத்தியசாலையில் ஈசிஜி எடுத்தால், குருதிக்கட்டியைக் கரைக்கும் மருந்தை நேரத்தோடு ஏற்றலாம்.

இளம் ஆய்வாளர்களே, உங்கள் கட்டுரைகளுக்குப் பின்னால் இந்த மண்ணின் மனிதர்கள் இருக்கிறார்கள். கண்டறிந்ததை அவர்களுடைய மொழியில் அவர்களிடமே திருப்பிக் கொடுங்கள். இந்த நான்கு பணிகளுக்கும் பொறுப்பாளர்களை நியமித்த பின்பே நாம் கலைய வேண்டும் என்ற வேண்டுகோளோடு ஆய்வரங்கைத் தொடக்கிவைக்கிறேன்.