தில்லைக்கு வேண்டாத சான்றிதழ்



சிதம்பரத்தைப் பற்றி ஒரு செய்தி பல ஆண்டுகளாகக் கைப்பேசிக்குக் கைப்பேசி தாவிக்கொண்டிருக்கிறது. மேல்நாட்டு அறிவியலாளர்கள் எட்டு ஆண்டுகள் ஆராய்ந்தார்களாம். நடராசப் பெருமானின் கால் பெருவிரல் இருக்கும் இடமே உலகத்தின் காந்த நடுக்கோட்டின் மையப்புள்ளி என்று கண்டார்களாம். ஆராய்ந்தவர் பெயர் கிடையாது, ஆண்டு கிடையாது, வெளியிட்ட இதழ் கிடையாது. செய்தி வந்த உடனே சண்டை மூண்டுவிடுகிறது. பக்தர்கள் என்றாலே மூடர்கள் என்கிறார் ஒருவர். இதையே வேறு மதத்துக்காரனிடம் கேட்பாயா என்று பாய்கிறார் இன்னொருவர். அப்பன், பாட்டன், சாதி வரைக்கும் பேச்சு போகிறது. காந்த நடுக்கோடு என்றால் என்ன என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

அந்தக் கேள்வியை இந்த மேடையில் கேட்போம். காந்த ஊசியைச் செங்குத்தாக ஆடும்படி தொங்கவிட்டால் வடக்கே போகப் போக அதன் ஒரு முனை தரையை நோக்கிச் சாயும். தெற்கே போகப் போக மறுமுனை சாயும். எந்தப் பக்கமும் சாயாமல் ஊசி மட்டமாக நிற்கும் இடங்களை இணைத்தால் கிடைப்பதுதான் காந்த நடுக்கோடு. அது பூமியைச் சுற்றி வரும் கோடு. சுற்றி வரும் கோட்டுக்கு மையப்புள்ளி என்று தனியாக ஒரு ஊர் இருக்க முடியாது. மேலும் அது ஆண்டுக்கு ஆண்டு இடம் மாறுகிறது. இந்தியாவில் அது தொடுவது நாட்டின் தென்கோடியை. இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் இதற்காகவே திருநெல்வேலியில் ஓர் ஆய்வுக்கூடம் வைத்திருக்கிறது. சிதம்பரத்தில் வைக்கவில்லை.

அதே செய்தியில் உண்மையும் கலந்திருக்கிறது. அதையும் சொல்லிவிட வேண்டும். சிதம்பரம், காஞ்சி ஏகாம்பரநாதர் கோயில், காளத்தி மூன்றும் ஏறத்தாழ 79.7 பாகைத் தீர்க்கரேகையில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் கைப்பேசி வரைபடத்தில் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் பஞ்சபூதத் தலங்கள் ஐந்து. திருவண்ணாமலை அந்தக் கோட்டிலிருந்து ஏறக்குறைய 70 கிலோமீட்டர் மேற்கே இருக்கிறது. திருவானைக்கா 100 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. ஒத்துவரும் மூன்றைச் சொல்லி, ஒத்துவராத இரண்டைச் செய்தி விழுங்கிவிடுகிறது. மெய்யும் பொய்யும் இப்படிச் சேர்ந்து வரும்போது, பக்தர் மெய்யைப் பிடித்துக்கொண்டு மொத்தமும் உண்மை என்கிறார். மறுப்பவர் பொய்யைப் பிடித்துக்கொண்டு மொத்தமும் புளுகு என்கிறார். வரைபடத்தைத் திறந்து பார்த்தால் ஐந்து நிமிடத்தில் முடியக்கூடிய விஷயம் ஐந்து ஆண்டுப் பகையாகிவிடுகிறது.

திருநள்ளாற்றுச் செய்தியும் இப்படித்தான். அந்தக் கோயிலுக்கு மேலே வரும் செயற்கைக்கோள்கள் மூன்று விநாடி செயலிழந்து நின்றுவிடுகின்றன என்று நாசாவே கண்டதாம். தாழ்ந்த சுற்றுப்பாதையில் போகும் செயற்கைக்கோள் விநாடிக்கு ஏழரைக் கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஓட்டம்தான் அதை விழாமல் வைத்திருக்கிறது, நின்றால் விழும். சனிப்பெயர்ச்சிக்கு நளன் குளத்தில் முழுகி எழுகிற அம்மா செயற்கைக்கோளை நம்பி அங்கே போகவில்லை. தன் பிள்ளைக்கு நல்லது நடக்க வேண்டும் என்று போகிறார். அந்த வேண்டுதலுக்கு நாசா கையெழுத்து எதற்கு?

காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஆலயம் உண்மையிலேயே இருந்தது. அது திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவில், மீனவர்கள் வழிபட்ட புனித மகதலேனா மரியாள் ஆலயம். காந்த நடுக்கோட்டுக்கு மேலே, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்தில், பகல் வேளையில் ஒரு மின்னோட்டம் கிழக்கு நோக்கிப் பாய்கிறது. பலூனுக்கு அது எட்டாத உயரம். செயற்கைக்கோளுக்கு மிகத் தாழ்வு. ராக்கெட் விட்டுத்தான் அளக்க வேண்டும். அதற்கு ஏற்ற இடமாகத் தும்பாவைக் கண்ட விக்ரம் சாராபாய், ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைராவிடம் போய் ஆலயத்தையே கேட்டார். ஆயர் தாமாக முடிவு செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வந்த மக்கள் முன் விஷயத்தை எடுத்து வைத்தார், மக்கள் இசைந்தார்கள். வீடு வாசலை விட்டு மீனவக் குடும்பங்கள் இடம் பெயர்ந்தன. தேவாலயம் அலுவலகமாயிற்று. 1963 நவம்பர் 21 அன்று இந்திய மண்ணிலிருந்து முதல் ராக்கெட் அங்கிருந்து கிளம்பியது. அந்த நாட்களில் அங்கே வேலை பார்த்த அப்துல் கலாம் இதை மனம் நெகிழ்ந்து எழுதியிருக்கிறார். கேட்டவர் மறைக்காமல் கேட்டார், கொடுத்தவர்கள் தெரிந்தே கொடுத்தார்கள். மதமும் அறிவியலும் நேருக்கு நேர் பேசிய இந்த நிகழ்ச்சியைப் பகிர்வதற்கு ஆள் குறைவு. பெருவிரல் கதைக்கோ பஞ்சமே இல்லை.

நம் கடலூர் மாவட்டத்துக்கு வருவோம். மதத்தின் பேரால் நடந்த தமிழ்நாட்டின் மிகப் பெரிய எழுத்துச் சண்டைகளில் ஒன்று இங்கேதான் நீதிமன்றம் ஏறியது. சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823இல் பிறந்தவர் வள்ளலார் எனப்படும் இராமலிங்க அடிகள். யாழ்ப்பாணத்து நல்லூரில் 1822இல் பிறந்தவர் ஆறுமுக நாவலர். சிதம்பரத்தில் 1864இல் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியவர். 1867இல் அடிகளின் பாடல்கள் திருவருட்பா என்ற பெயரில் அச்சேறின. வாழ்ந்துகொண்டிருக்கும் ஒருவர் பாட்டைத் தேவார திருவாசகத்தோடு சேர்த்து அருட்பா என்பதா, கோயிலில் பாடுவதா என்று நாவலர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான் அது. பதில் சொல்லவும் புலவர்கள் இருந்தார்கள். ஆனால் கண்டனத்துக்குக் கண்டனம், மறுப்புக்கு மறுப்பு என்று போகப் போகப் பாட்டு மறைந்து ஆள் முன்னே வந்தார். 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் அவதூறு வழக்கு. அங்கே என்ன நடந்தது என்று இரு தரப்பாரும் இருவேறு கதைகளை இன்றும் சொல்லி வருகிறார்கள். ஆய்வாளர் ப. சரவணன் இரு பக்கத்துக் கண்டனங்களையும் சேர்த்துத் தொகுத்த பிறகுதான் முழு வழக்கையும் ஒரே இடத்தில் படிக்க வழி பிறந்தது.

அந்தச் சண்டையைப் பேசும்போது மறந்துவிடக் கூடாத ஒரு செய்தி உண்டு. 1867இல் வடலூரில் தருமசாலை தொடங்கி அடிகள் பசித்தவர்க்குச் சோறு போட்டார். பத்தாண்டு கழித்து யாழ்ப்பாணத்தில் பஞ்சம் வந்தபோது, கஞ்சித்தொட்டி வைத்து ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றியவர் நாவலர். எதிரெதிரே நிறுத்தப்பட்ட இருவரும் ஒரே வேலையைத்தான் செய்திருக்கிறார்கள்.

பெருவிரல் கதை இல்லாமலே பழம்பெருமை வேண்டுமா? நம் மாவட்டத்திலேயே இருக்கிறது, மெய்யாகவே இருக்கிறது. லோகவிபாகம் என்று ஒரு சமண நூல். சக ஆண்டு 380இல், அதாவது கி.பி. 458இல், காஞ்சி மன்னன் சிம்மவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டில், பாடலிகம் என்ற ஊரில் சர்வநந்தி முனிவர் அதை முடித்தார் என்று அந்நூலே சொல்கிறது. பாடலிகம் என்பது நம் கடலூர்த் திருப்பாதிரிப்புலியூர் என்று ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். மூலம் கிடைக்கவில்லை, பின்னாளில் சிம்மசூரி வடமொழியில் செய்த வடிவமே கையில் இருக்கிறது. அதில் 1310 கோடியே 72 லட்சம் என்ற எண் வருகிறது. எப்படித் தெரியுமா? ஒன்றாம் இடத்திலிருந்து தொடங்கி ஐந்து சூனியம், பிறகு இரண்டு, ஏழு, அதன்பின் வெற்றிடத்தைக் குறிக்க ஆகாயம், பிறகு ஒன்று, மூன்று, ஒன்று. இடமதிப்பும் பூச்சியமும் தெளிவாக வழங்கிய மிகப் பழைய நூல்களில் ஒன்றாகக் கணித வரலாற்றாசிரியர்கள் இதைப் போற்றுகிறார்கள். அதே நூல், உலகம் மேரு மலையை நடுவில் வைத்த தட்டையான சம்புத்தீவு என்கிறது. அந்த உலகப் படம் தவறு. அதை எழுதிய எண்முறையைத்தான் உலகமே இன்று எழுதுகிறது. இரண்டையும் சேர்த்துச் சொல்ல நமக்குத் தெம்பு வேண்டும். தவறை மறைத்தால் பெருமையையும் எவனும் நம்ப மாட்டான்.

இவ்வளவும் வெறும் வாய்ச்சண்டை, போகட்டும் என்று விட முடியாது. 2017 மார்ச்சில் கோயம்புத்தூரில், கடவுள் இல்லை என்று வாட்ஸ்அப்பிலும் முகநூலிலும் எழுதி வந்த இளைஞர் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். திராவிடர் விடுதலைக் கழகத்தைச் சேர்ந்தவர், குழந்தைகளுக்குத் தகப்பன். அவர் சொன்னதை மறுக்க ஆயிரம் சொல் இருந்தும் கத்தியை எடுத்தார்கள். அவர் கருத்து யாருக்குப் பிடிக்கும், யாருக்குப் பிடிக்காது என்பது இங்கே பேச்சே இல்லை. எழுதியதற்காக ஒருவர் உயிரை எடுத்த நாளில் பக்தர்தான் முதலில் குரல் கொடுத்திருக்க வேண்டும். நாத்திகருக்கும் ஒரு வேண்டுகோள்: பொய்ச்செய்தியை எத்தனை கடுமையாகவும் மறுங்கள், அதை நம்பி அனுப்பிய சித்தப்பாவை மூடர் என்று அத்தனை பேர் முன்னால் சொல்லாதீர்கள். அவமானப்பட்டவர் அடுத்த நாளே மனம் மாறி வந்ததாக எங்கும் கேள்விப்பட்டதில்லை.

மனம் மாறியவர் ஒருவரைச் சொல்லி முடிக்கலாம். அருட்பாப் போர் இருபதாம் நூற்றாண்டிலும் ஓயவில்லை. சென்னையில் கதிரைவேற் பிள்ளை, அது அருட்பா அல்ல, மருட்பா, அதாவது மயக்கும் பாட்டு என்று முழங்கினார். நாஞ்சில் நாட்டு இசுலாமியப் புலவர் செய்குத்தம்பிப் பாவலர் அருட்பாவே என்று மேடையேறி வாதாடினார். 1904இல் வழக்கு வந்தது. கதிரைவேற் பிள்ளையின் மாணவர் ஒருவர் ஆசிரியருக்காகச் சாட்சி சொல்லப் போய்ப் பள்ளித் தேர்வையே இழந்தார். அந்த மாணவர் திரு.வி. கலியாணசுந்தரனார். ஆசிரியர் மேல் கொண்ட அன்பை அவர் கடைசி வரை விடவில்லை. அருட்பாவைத் தாமே படித்தார், படித்துப் படித்து வள்ளலாரிடம் போய்ச் சேர்ந்தார், வள்ளலாரைப் பற்றிப் போற்றி நூலும் எழுதினார். நாவலர் பக்கத்து நூல்களையும் வடலூர்ப் பக்கத்து நூல்களையும் ஒரே அலமாரியில் வைத்துப் படிக்க அண்ணாகிராமம் ஒன்றியத்தின் ஊர்ப்புற நூலகங்களில் வசதி செய்து தர வேண்டும் என்று மேடையில் இருக்கும் பெரியோர்களைக் கேட்டுக்கொண்டு, இந்த உரை நிறைவு பெறுகிறது.