எந்த அலுமாரியில் வைப்பது?

   

இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவில் அரசியலிலும் நூல்களிலும் பண்பாட்டிலும் இன்றைய சிந்தனைகளைத் தொகுத்துச் சொல்லும்படி கேட்டார்கள். அவற்றில் ஒன்றோடு எனக்கு நெடுநாள் வழக்கு உண்டு. அவையில் பாதிப் பேருக்கு அது தெரியும். இலங்கையின் கிழக்கு முஸ்லிம் எழுத்தாளர்களுக்குத் தனி அலுமாரி வேண்டும், அவர்களின் அரசியல் உணர்வே 1981இல் காத்தான்குடியில் ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் கட்சி பிறந்த பிறகுதான் விழித்தது என்பது என் சகாக்களின் வாதம்.

ஆனால் அதே 1981இல்தான் எம்.ஏ. நுஃமான் மொழிபெயர்த்த 'பலஸ்தீனக் கவிதைகள்' வந்தது. வெளியிட்டது கிழக்கின் கல்முனை வாசகர் சங்கம். யாழ்ப்பாணத்து அளவெட்டிக்காரரான கவிஞர் மஹாகவியின் 'கோடை'யை வெளியிட்டதும் இதே சங்கம்தான். கல்முனைக்குடியில் பிறந்த நுஃமான் அப்போது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பித்துக்கொண்டிருந்தார். இஸ்லாமிய மார்க்க சகோதரத்துவத்தால் வந்த நூல் 'பலஸ்தீனக் கவிதைகள்' என்கிறார்கள் என் சகாக்கள். அப்படியானால் அந்த நூலின் கவிஞர்களில் ஒருவரான சமீஹ் அல் காசிமை எங்கே வைப்பது? அவர் துரூஸ் சமூகத்தவர். இன்னொருவரான தௌபீக் ஸையாத் நாசரேத்தின் மேயராக இருந்த கம்யூனிஸ்ட். நுஃமானும் மார்க்சியத் திறனாய்வாளர்தான். பலஸ்தீனக் கவிஞர் மஹ்மூத் தர்வீஷின் 'அடையாள அட்டை' கவிதையை எண்ணிப் பாருங்கள். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு சோதனைச் சாவடியில் தன் அடையாள அட்டையை நீட்டி நின்ற தமிழ் இளைஞனுக்கு அந்தக் கவிதையை விளக்கிச் சொல்ல எந்த ஆலிமும் தேவைப்படவில்லை. எண்பதுகளின் ஈழத்து எதிர்ப்புக் கவிதை இந்த நூலிடம் பாடம் கேட்டது. கல்முனையிலிருந்து வெளிவந்த நூலைத் தன் நூலாகப் படித்தது யாழ்ப்பாணம்.

பிறகு 1990 வந்தது. விடுதலைப் புலிகளின் காத்தான்குடிப் பள்ளிவாசல் படுகொலையும், அவர்கள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியதும் என் சகாக்களின் வாதத்துக்குக் கொடுத்த பலத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் 1990இன் காயத்தைக் கொண்டு 1981இன் நூலுக்கு முகவரி எழுதுவது வரலாறு ஆகாது. இன்று காஸாவுக்காக ஜும்ஆ முடிந்து செருப்புத் தேடும் நேரத்திலேயே தர்வீஷின் வரிகள் கைப்பேசிக்குக் கைப்பேசி போகின்றன. மொழிபெயர்ப்பாளர் பெயரை வெட்டிவிட்டு அனுப்புகிறார்கள்!

நேரம் முடிகிறது என்று துண்டு வந்துவிட்டது; இனிச் செய்ய வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெரியநீலாவணையின் தமிழ்க் கவிஞர் நீலாவணனையும் மருதமுனையின் முஸ்லிம் எழுத்தாளர் மருதூர்க்கொத்தனையும் ஒரே ஆய்வில் எடுக்க வேண்டும். முஸ்லிம் காங்கிரஸின் நிறுவனர் அஷ்ரஃபின் 'நான் எனும் நீ' தொகுப்பைக் கட்சிக்காரர்களிடமிருந்து மீட்டுக் கவிதையாகப் படிக்க வேண்டும். பெண் எழுத்தாளர்கள் பற்றித் தனிச் சொற்பொழிவே தேவை. 

ஒரு வேண்டுகோள். இப்பகுதியின் பழைய இலக்கிய இதழ்களான 'கவிஞன்', 'பாடும்மீன்' உங்கள் வீட்டுப் பெட்டிகளில் கிடந்தால், 2004 சுனாமிக்குத் தப்பிய அவற்றைக் கறையானுக்கு விட்டுவிடாதீர்கள். ஈழத்து நூல்களை எண்ணிமமாக்கிப் பாதுகாக்கும் நூலகம் நிறுவனத்தாரிடம் மின்வருடக் கொடுங்கள்.