தயவும் உரிமையும்
(அரியலூர்க் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் சுருக்கம்)



பக்கத்துப் பெரம்பலூர்த் தொகுதிக்கு 2019 முதல் 2024 வரை பார்லிமெண்டு மெம்பராயிருந்த தோழர் பாரிவேந்தர் என்னும் பச்சமுத்து அவர்களைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல ஆசைப்படுகிறேன். அவர் எஸ்.ஆர்.எம். கல்வி ஸ்தாபனங்களை உண்டாக்கியவர். 2010ல் இந்திய ஜனநாயகக் கட்சியை ஆரம்பித்தவர்.

பணமிருந்தால் ஜெயித்துவிடலாம் என்கிறார்கள் ஒரு சாரார். தர்மம் செய்தவரை ஜனங்கள் கைவிடமாட்டார்கள் என்கிறார்கள் மற்றொரு சாரார். இரண்டையும் நடந்த விஷயத்தைக் கொண்டே பார்ப்போம். 2014ல் பாரதிய ஜனதா அணியில் நின்றார், மூன்றாவதாக வந்தார். 2019ல் தி.மு.க. அணியில் உதயசூரியன் சின்னத்தில் நின்றார். 4 லட்சத்துக்கு மேற்பட்ட ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். 2024ல் தாமரைச் சின்னத்தில் நின்றார். மறுபடியும் மூன்றாவதாகவே வந்தார். மூன்று தடவையும் ஆள் ஒருவரே, செல்வமும் அவருடையதே. மாறியது அணிதான். ஆகவே ஜனங்கள் பணத்துக்கும் ஓட்டுப் போடவில்லை, தர்மத்துக்கும் போடவில்லை; கட்சியைப் பார்த்தே போட்டார்கள் என்பது விளங்கவில்லையா?

தொகுதியின் ஏழைப் பிள்ளைகளுக்குத் தமது கல்லூரியில் இலவசப் படிப்புக் கொடுத்தார். அதை நான் குறை சொல்ல வரவில்லை. படித்த பிள்ளைகள் நன்றாயிருக்கட்டும். ஆனால் இடம் கிடைக்காத பக்கத்து வீட்டுப் பிள்ளை யாரைப் போய்க் கேட்பது? தயவு என்பது கொடுப்பவர் மனதைப் பொறுத்தது; அதற்காகக் கைகட்டி நிற்க வேண்டும். உரிமைக்கோ நிமிர்ந்து நின்று கணக்குக் கேட்கலாம்.

மெம்பருக்குத் தொகுதி வேலைக்கென்று வருஷத்துக்கு 5 கோடி ரூபாய் உண்டு. அது நம் வரிப்பணம். கொரோனாக் காலத்தில், 2020 ஏப்ரலில், சர்க்கார் அதை நிறுத்திவைத்தது. 2021 நவம்பரில்தான் திரும்பக் கொடுத்தது. அப்போது நம்மில் எத்தனை பேர் ஏன் என்று கேட்டோம்? இந்த அரியலூருக்கு 1929லேயே ரயில் வந்துவிட்டது. ஜில்லாவின் தலைநகரான பெரம்பலூருக்கு இன்னும் வரவில்லை. அரியலூரிலிருந்து பெரம்பலூர், துறையூர் வழியாக நாமக்கல்லுக்குப் பாதை வேண்டுமென்று பாரிவேந்தரும் பேசினார். பாதை வந்தபாடில்லை. எவ்வளவு பெரிய செல்வந்தரானாலும் சொந்தப் பணத்தில் ரயில் விட முடியுமா? அது சர்க்கார் செய்யவேண்டிய காரியமல்லவா?

ஆகவே தோழர்களே! இனி ஓட்டுக் கேட்டு வருகிறவர் யாராயிருந்தாலும், "உங்கள் வீட்டிலிருந்து என்ன கொடுப்பீர்கள்?" என்று கேளாதீர்கள். "எங்களுக்குச் சேரவேண்டியதை எப்படி வாங்கித் தருவீர்கள்?" என்று கேளுங்கள். அதுவே மானமுள்ள பிரஜைக்கு அழகு என்று கூறி என் பேச்சை முடித்துக்கொள்கிறேன்.