பத்து செகண்டு, ஒன்பது யூனிட்

இன்னைக்கு எலக்ட்ரிக் ட்ரெயின் பத்திப் பேசப் போறேன். அதோட டைமிங் பத்தி இல்ல, அது செலவு பண்ற கரண்ட் பத்தி.

முதல்ல ஒரு சின்ன கணக்கு. கூட்டத்தோட சேர்த்து ஒரு புறநகர் ரயிலோட எடை 500 டன்னு வச்சுக்குவோம். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தை அது தொடும்போது, அதுக்குள்ள இருக்கிற இயக்க ஆற்றல் 100 மெகாஜூல். கரண்ட் பில் பாஷையில சொன்னா சுமார் 28 யூனிட். 2016-ல் தமிழ்நாட்டு வீடுகளுக்கு இலவசம்னு அறிவிச்சது ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட். நாலே ஸ்டேஷன்ல நின்னு கிளம்பினா, வண்டி அதைத் தாண்டிடும்.

கவனிங்க, செலவு ஓடுறதுல இல்ல. இரும்புத் தண்டவாளத்து மேல இரும்புச் சக்கரம் உருளும்போது உராய்வு ரொம்பக் கம்மி. நின்னு நின்னு கிளம்புறதுதான் செலவு. பழைய முறையில பிரேக் போட்டா அந்த 28 யூனிட்டும் வெறும் சூடா மாறிக் காத்துல போயிடும்.

இதுக்கு ஒரு தீர்வு, பிரேக் போடும்போது மோட்டாரையே ஜெனரேட்டரா மாத்துறது. உண்டாகிற கரண்ட் திரும்ப லைனுக்கே போகும், பக்கத்துல கிளம்புற வண்டி அதை எடுத்துக்கும். டெல்லி மெட்ரோ இப்படி மிச்சம் பிடிச்சதாலதான், 2007-ல் ஐ.நா.வின் தூய்மை மேம்பாட்டுத் திட்டத்துல பதிவான முதல் ரயில் திட்டம் ஆச்சு. ஆனா போட்டது முழுசாத் திரும்பாது. வழியில கொஞ்சம் இழப்பு இருக்கத்தான் செய்யும்.

அப்போ அதைவிடச் சுலபமான வழி? முதல்லயே கம்மியாப் போடுறது!

ஆற்றல், வேகத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி கூடும். 72-க்குப் பதிலா 60-ல ஓட்டினா, 28 யூனிட் 19 ஆகிடும். ஒன்பது யூனிட் மிச்சம். ஒன்றரை கிலோமீட்டர் தூரத்துக்குக் கூடுதலா ஆகிற நேரம் ஏறக்குறைய பத்து செகண்டுதான்.

இன்னொரு வித்தை, கோஸ்டிங். வேகம் பிடிச்சதும் மோட்டாரை நிறுத்திட்டு வண்டியைச் சும்மா உருள விடுறது. சமதளத்துல அரை கிலோமீட்டர் உருண்டாலும் வேகம் கொஞ்சம்தான் குறையும். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டுல 1980-கள்லயே கணித ஆய்வாளர்கள் இதை ஆராய்ஞ்சாங்க. எந்த இடத்துல மோட்டாரை நிறுத்தலாம்னு புறநகர் ரயில் ஓட்டுநருக்குச் சொல்ற கருவியும் அங்க வந்துச்சு.

சரி, அந்தப் பத்து செகண்டு எங்கிருந்து வரும்? இங்கதான் விஷயமே இருக்கு. வண்டி சரியான நேரத்துல ஓடினாத்தான் மோட்டார்மேன் உருள விட முடியும். லேட் ஆயிட்டா, அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் முழு பவர்ல இழுத்து, கடைசில அழுத்திப் பிரேக் போடணும். அதாவது ஸ்டேஷன்ல வீணாகிற ஒவ்வொரு செகண்டுக்கும் ஒரு விலை இருக்கு.

இதுக்கு டைம்டேபிள் போடுறவங்களும் பொறுப்புதான். கொஞ்சம்கூட இடைவெளி விடாம நேரத்தை இறுக்கிட்டு, "சிக்கனமா ஓட்டுங்க"ன்னு மோட்டார்மேன்கிட்ட சொல்றது நியாயமே இல்ல. பாதுகாப்பை விட்டுக் கொடுத்து மிச்சம் பிடிக்கவும் முடியாது.

ஆனா நம்ம கையிலயும் கொஞ்சம் இருக்கு. இறங்குறவங்களுக்கு முதல்ல வழி விடுறது, வாசல்லயே நிக்காம உள்ள நகர்றது. அதுல மிச்சமாகிற செகண்டுதான் அடுத்த ஸ்டேஷனுக்கு வண்டி உருண்டு போற நேரம்.

அடுத்த தடவை பீச் பக்கமோ தாம்பரம் பக்கமோ போகும்போது காதைத் தீட்டிக் கேளுங்க. ரெண்டு ஸ்டேஷனுக்கு நடுவுல மோட்டார் சத்தம் அடங்கும், வண்டி மட்டும் ஓடிட்டே இருக்கும். "என்னடா இவ்வளவு மெதுவாப் போறான்"னு சலிச்சுக்காதீங்க. அங்க கரண்ட் மிச்சம் ஆகிட்டு இருக்கு.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.