பால் கவர் போய்ச் சேரும் இடம்

அரியலூர் சாலையில் சுண்ணாம்புக்கல் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு தூசி தின்னாதவர் நம்மில் யார்? அந்தக் கல் போகும் சிமெண்ட் ஆலைகளுக்கு இன்னொரு சரக்கும் வருகிறது: குப்பை. சென்னை, திருச்சி மாநகராட்சிகளிலிருந்து மறுசுழற்சிக்கு ஆகாத பிளாஸ்டிக்கை இங்கே அனுப்பியிருக்கிறார்கள்.

சிமெண்ட் சூளையில் கலவை சுமார் 1,450 டிகிரி வரை சூடாகிறது. அந்த வெப்பத்தில் சிப்ஸ் பாக்கெட்டும் ஷாம்பு பாக்கெட்டும் நிலக்கரியோடு சேர்ந்து எரிந்துவிடும். சாம்பலும், பிறகு சிமெண்டாக அரைபடும் கிளிங்கரில் கலந்துவிடும். வாசலில் கொளுத்தினால் அந்தச் சூடு ஏது? நச்சுப்புகைதான்.

ஆனால் சரக்கு காய்ந்திருக்க வேண்டும். சாம்பார் ஒழுகும் பார்சல் கவர் சூட்டைக் குறைத்துவிடும். பிவிசி குழாய்த் துண்டில் குளோரின் இருப்பதால் சூளைக்கே ஆகாது. ஆக, வேலை நம் அடுக்களையில் தொடங்குகிறது.

பால் கவரோ மறுசுழற்சிக்கு ஆகும்; அதன் மூலையைத் தனியே வெட்டி எறியாதீர்கள். அந்தப் பொடித்துண்டை யார் குனிந்து பொறுக்குவது? ஒட்டியபடியே நறுக்கி, அலசி, கொடியில் காயப்போடுங்கள். சேர்த்து வைத்தால் பழைய பேப்பர் கடையில் காசும் கிடைக்கும்.

மக்கும் குப்பை தனி. சின்ன வெங்காயம் விளைவிக்கும் பெரம்பலூர்க்காரர்களுக்கு அதன் சருகைப் பற்றி நான் சொல்லவா? காய்கறிக் கழிவோடு குழியில் போட்டு மண் தூவினால் எரு.

மூன்றாவது பையைத்தான் பலரும் மறக்கிறோம். பேட்டரி, டியூப் லைட், காலாவதியான மாத்திரை ஆகியவற்றைத் தனியே தர வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லிவிட்டன. உடைந்த கண்ணாடியைத் தாளில் சுற்றி, தூய்மைப் பணியாளரிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள். பையில் கைவிட்டுப் பிரிப்பவர் அவர்தான்.