அது எங்களுக்கே தெரியும்



இலக்கியக் கூட்டத்தில் கிரிக்கெட்டா என்று வாசலிலேயே ஒருவர் கேட்டுவிட்டார். ஐயா, ஏப்ரல், மே மாதங்களில் மாலையானால் நம் வீட்டுக் கூடத்தில் ஓயாமல் ஒலிக்கிற தமிழ் எது? கதையா, கட்டுரையா? கிரிக்கெட் வர்ணனைத் தமிழ்தானே! அதன் தரத்தைப் பற்றி இங்கே பேசாமல் வேறெங்கே பேசுவது?

நம் தமிழ் வர்ணனை நேற்று முளைத்ததல்ல. வானொலியில் சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் பேசினால், பந்தைக் கண்ணால் பார்க்காதவனுக்கும் ஃபீல்டர் எங்கே நிற்கிறார், பந்து எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது தெரிந்தது. அந்த வழியில் 2017-இல் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ் வந்தது. ஸ்ரீகாந்த், பத்ரிநாத், ஹேமங் பதானி என்று நாம் சேப்பாக்கத்தில் கைதட்டியவர்களே நம் மொழியில் பேச வந்தார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

நான் குறை சொல்ல வந்தது பந்துக்குப் பந்து சொல்லும் வர்ணனையை அல்ல. ஆட்டத்துக்கு முன்னும், இடைவேளையிலும், முடிந்த பிறகும் நாலு பேரை ஒரு மேசையைச் சுற்றி உட்கார வைக்கிறார்களே, அந்த அரங்கத்தை. எந்த மொழி சேனலை வைத்தாலும் இதே கதைதான். என்ன சொல்கிறார்கள்? "இன்னைக்கு பவர்பிளே ரொம்ப முக்கியம்." "சீக்கிரம் விக்கெட் விழாமப் பாத்துக்கணும்." "கடைசி ஓவர்ல யார் டென்ஷன் ஆகாம இருக்காங்களோ அவங்களுக்குத்தான் மேட்ச்." அது எங்களுக்கே தெரியும்! அடுப்படியிலிருந்து எட்டிப் பார்க்கிற என் அத்தைக்கும் தெரியும்.

பிறகு, தோனியா கோலியா என்று ஒரு விவாதம். நம் ஊர்ப் பட்டிமன்றத்தில்கூட பேச்சாளர் குறிப்பெடுத்துக்கொண்டு வருவார். கடைசியில் நடுவர் ஒரு தீர்ப்பாவது சொல்வார். இங்கே தீர்ப்பு வருவதற்குள் விளம்பரம் வந்துவிடுகிறது.

அந்த மேசையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு விஷயம் தெரியாதா? தெரியும். அதுதான் வயிற்றெரிச்சல். ஓர் உதாரணம் சொல்கிறேன். 2021 பிப்ரவரி, சேப்பாக்கம். முதல் டெஸ்டில் இங்கிலாந்து 578 ரன் குவித்தது. ஜோ ரூட் மட்டும் 218. நாம் 227 ரன் வித்தியாசத்தில் தோற்றோம். சில நாள்தான் போயிருக்கும். அதே மைதானம், பக்கத்தில் வேறொரு ஆடுகளம். இரண்டாவது டெஸ்டில் அதே இங்கிலாந்து முதல் இன்னிங்ஸில் 134, அடுத்ததில் 164. நாம் 317 ரன் வித்தியாசத்தில் ஜெயித்தோம். மாம்பலத்துப் பிள்ளை அஸ்வின் இங்கிலாந்தின் முதல் இன்னிங்ஸில் ஐந்து விக்கெட் எடுத்தார், அதோடு 106 ரன்னும் அடித்தார். அந்தச் சதத்துக்கு அவரைவிட அதிகமாகத் துள்ளிக் குதித்தவர் எதிர்முனையில் நின்ற சிராஜ்!

இங்கேதான் அரங்கத்துக்கு வேலை. ரூட்டே திணறிய ஆடுகளத்தில் அஸ்வின் எப்படிச் சதம் அடித்தார்? பந்து திரும்புகிற ஆடுகளத்தில் கிரீஸில் நின்று தடுக்கப் பார்த்தால், விழுந்த பந்து திரும்பி மட்டையின் ஓரத்தைத் தேடி வரும். அஸ்வினைப் போல் ஸ்வீப் அடிக்கிறவர் முட்டிபோட்டு, முன்காலை நீட்டி, பந்து விழுந்த இடத்துக்கே போய், அது திரும்புவதற்குள் வாரிவிடுகிறார். அப்படி நாலு அடித்தால் பந்து வீசுகிறவர் நீளத்தை மாற்றியே ஆக வேண்டும். மாற்றினால் மோசமான பந்து வரும். அது பவுண்டரிக்குப் போகும். முதல் இன்னிங்ஸில் ரோஹித் 161 அடித்தபோதும் இந்த ஸ்வீப்தான் பெரிதும் கைகொடுத்தது. இதை விளக்க எவ்வளவு நேரம் ஆனது? நான் சொல்லி முடித்தே விட்டேன். படம் போட்டுக் காட்டினால் இன்னும் சுருக்கமாக முடியும்.

முடியும் என்பதற்குச் சாட்சியும் இருக்கிறது. இங்கிலாந்தில் 1999 முதல் 2005 வரை சேனல் 4 கிரிக்கெட் காட்டியது. அதில் சைமன் ஹியூஸ் என்று ஒருவர். கவுன்டி அணிக்குப் பந்து வீசியவர். ஒரு டெஸ்ட்கூட ஆடியதில்லை. ரிச்சி பெனோ போன்ற ஜாம்பவான்கள் மைக்கில் இருக்க, இவர் மைதானத்துக்கு வெளியே ஒரு வண்டிக்குள் உட்கார்ந்து பதிவுகளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். மணிக்கட்டு எந்தக் கோணத்தில் இருந்தது, பந்தின் தையல் எந்தப் பக்கம் பார்த்தது என்று எடுத்துவந்து காட்டுவார். பெரிய பெயர் இல்லை, தயாரிப்பு இருந்தது. நம் மேசையில் பெரிய பெயர்கள் இருக்கின்றன.

தயாரிப்பு மட்டும் போதாது, வாயும் திறந்திருக்க வேண்டும். 2013-இல் ஆஸ்திரேலியா இங்கே ஆட வந்தபோது இயன் சாப்பல் வர்ணனைக்கு வர மறுத்தார். அணித் தேர்வு பேசக்கூடாது, டிஆர்எஸ் பேசக்கூடாது, வாரிய நிர்வாகம் பேசக்கூடாது என்று இந்திய கிரிக்கெட் வாரியத்தின் நிபந்தனை. பிறகு என்னதான் பேசுவது? வானிலையையா? கவாஸ்கரும் ரவி சாஸ்திரியும் அப்போது வாரியத்தின் ஒப்பந்தத்திலேயே இருந்தவர்கள். சம்பளம் கொடுக்கிற கையை எத்தனை பேர் விமர்சிப்பார்கள்? 2016 ஐபிஎல்லுக்குச் சற்று முன் ஹர்ஷா போக்ளே வர்ணனைக் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். 2020-இல் சஞ்சய் மஞ்ச்ரேக்கர். காரணம் யாரும் வெளிப்படையாகச் சொல்லவில்லை. மஞ்ச்ரேக்கர் முந்தைய ஆண்டு உலகக் கோப்பையில் ஜடேஜாவைக் குறைத்துப் பேசியது எனக்கும் பிடிக்கவில்லைதான். ஆனால் அரையிறுதியில் ஜடேஜா 77 ரன் அடித்து மட்டையாலேயே பதில் சொல்லிவிட்டாரே! ஒருவர் கருத்துச் சொல்லவும், இன்னொருவர் களத்தில் அதை உடைக்கவும்தானே ஆட்டமே!

"ஜனங்களுக்கு இவ்வளவு ஆழமெல்லாம் வேண்டாம், கலகலப்பு இருந்தால் போதும்" என்பார்கள். கலகலப்புக்கு நான் எதிரியல்ல. ஸ்ரீகாந்த் பேசினால் விழுந்து விழுந்து சிரிப்பவன். ஆனால் அஸ்வினின் யூடியூப் சேனலைப் பாருங்கள். விளையாடிக்கொண்டிருந்த காலத்திலேயே, எந்த பேட்ஸ்மேனுக்கு எந்தப் பந்தை ஏன் போட்டேன் என்று நம் தமிழில், சென்னை வாடையோடு, நிதானமாகச் சொன்னார். தெருவில் டென்னிஸ் பந்தில் போடுகிற சொடக்கு பால் எப்படி டெஸ்ட் மைதானத்துக்குப் போனது என்று அவர் வாயால் கேட்க நம் பிள்ளைகள் காத்துக் கிடந்தார்கள். ஜனங்களுக்கு ஆழம் வேண்டாமாம்!

கபடிக்கும் இதே கதிதான். 2017-இல் புரோ கபடியில் தமிழ் தலைவாஸ் வந்த பிறகு நம் ஊர்த் திடலில் ஆடிய பிள்ளைகளும் அந்த ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்க்கிறார்கள். ஒரு கட்டத்தை நினைத்துப் பாருங்கள்: இரண்டு ரெய்டு வெறுங்கையோடு திரும்பியாயிற்று. மூன்றாவதில் புள்ளி எடுக்காவிட்டால் ரெய்டர் அவுட். எதிரே ஆறு பேர் நிற்கிறார்கள், ஆகவே போனஸ் உண்டு. அவன் போனஸ் கோட்டைக் குறிவைக்க வேண்டுமா, மூலையில் நிற்பவனைத் தொட வேண்டுமா? அரங்கத்தில் யாராவது இதைச் சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்தால், "செம டென்ஷன்ல" என்கிறார்கள்.

எனக்கு அடுத்துப் பேச இருக்கும் உடற்கல்வி ஆசிரியர் இருபது வருஷமாக நம் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கபடி சொல்லிக் கொடுக்கிறவர். சார், போனஸா, மூலையா? முதலில் அதற்குப் பதில் சொல்லிவிட்டு உங்கள் பேச்சைத் தொடங்குங்கள். மைக்கை உங்களிடம் தருகிறேன்.